தம்புள்ளை விலையும் எமது கைக்கு வரும் விலையும்

தம்புள்ளைச் சந்தை விலை இன்று வானொலியில் வாசிக்கப்படுகிறது, தொலைக்காட்சியில் ஓடுகிறது, கைத்தொலைபேசியிலும் வருகிறது. தக்காளி கிலோ இத்தனை ரூபா, பூசணி இத்தனை, பச்சை மிளகாய் இத்தனை என்று கேட்டுவிட்டு மூடையை லொறியில் ஏற்றும் விவசாயி, சந்தையில் அதில் பாதியைப் பெற்றுக்கொண்டு திரும்புவது புதிய செய்தி அல்ல. அவ்வேளையில் எமது மக்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். வானொலிக்காரன் பொய் சொன்னான் என்பார்கள். அல்லது முதலாளி ஏமாற்றிவிட்டான் என்பார்கள். சில நாட்களில் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது சாத்தியம் ஒன்று உண்டு. அறிவித்தவரும் பொய் சொல்லாமல், வாங்கியவரும் அன்றைய விலையையே கொடுத்து, அப்படியிருந்தும் இரண்டு விலைகளும் வேறுபடலாம். அது எப்படி என்பதை விளங்கிக்கொள்ளாத வரை நாம் வீணாகக் கோபப்படுவோம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமலும் விடுவோம்.

பல்கலைக்கழகங்களில் ஊடகவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஆய்வு முறை, புள்ளிவிபரவியல் என்ற இரண்டு பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. பெயரைக் கேட்டவுடன் இது எமக்கு உரியதல்ல என்று தோன்றும். உண்மையில் அப்பாடங்களின் சாரம் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும்: யாரிடம் கேட்டார்கள், எதைக் கேட்டார்கள், கேட்டதை எப்படிக் கணக்கிட்டார்கள்? வடக்கு கிழக்கிலிருந்து யுத்தத்தால் பெயர்ந்து வந்து குத்தகைக் காணியில் பயிர் செய்யும் குடும்பத்துக்கும், மொரகஹகந்தை, களுகங்கை நீர்த்தேக்கங்களுக்காகத் தனது வயலை விட்டெழும்பிய குடும்பத்துக்கும், இம்மூன்று கேள்விகளும் பட்டதாரிக்கு வேண்டியதைவிட அதிகமாகவே வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். ஏனெனில் நிவாரணம், நட்டஈடு, காணித்துண்டு, வீட்டுத்திட்டம் எல்லாம் எவரோ எழுதிய ஓர் எண்ணைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகின்றன.

முதலில் சராசரி என்ற சொல்லை எடுப்போம். எமது பிள்ளைகள் பாடசாலையில் இதனை இடை என்று படிக்கிறார்கள். ஓர் உதாரணக் கணக்கு. ஐந்து விவசாயிகள் ஒரே நாளில் தக்காளி விற்கிறார்கள். ஒருவருக்கு 40 ரூபா, ஒருவருக்கு 45, ஒருவருக்கு 50, ஒருவருக்கு 55. ஐந்தாமவர் நல்ல தரமான காயை, விடியற்காலையில், தெரிந்த வியாபாரியிடம் 160 ரூபாவுக்கு விற்றுவிட்டார். கூட்டினால் 350, ஐந்தால் பிரித்தால் 70. அன்றைய சராசரி விலை 70 ரூபா என்று அறிவித்தால் அதில் பொய் இல்லை. ஆனால் ஐவரில் நால்வர் அந்த விலையைக் கண்ணாலும் காணவில்லை. விலைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 50 வரும். இதற்கு இடையம் என்று பெயர். சாதாரண விவசாயியின் நிலையை இடையமே கூடுதலாகக் காட்டும். ஆகக் குறைந்த 40க்கும் ஆகக் கூடிய 160க்கும் உள்ள தூரம் வீச்சு எனப்படும். வீச்சைச் சொல்லாத சராசரி, ஆற்றின் சராசரி ஆழத்தை மாத்திரம் சொல்லி எம்மை ஆற்றில் இறங்கச் சொல்வதைப் போன்றது.

இன்னொரு விதத்திலும் சராசரி எம்மை ஏய்க்கும். காலையில் 1,000 கிலோ 60 ரூபாவுக்கு விலைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னர் லொறிகள் நிறைந்து, 9,000 கிலோ 30 ரூபாவுக்கு விலைப்படுகிறது. இரண்டு விலைகளையும் கூட்டி இரண்டால் பிரித்தால் 45 ரூபா. ஆனால் விற்ற கிலோக்களின் கணக்கில் பார்த்தால் மொத்தப் பணம் 3,30,000 ரூபா. மொத்த நிறை 10,000 கிலோ. கிலோவுக்கு 33 ரூபாதான். ஒரே நாள், ஒரே சந்தை, இரண்டு சராசரிகள். இடையில் 12 ரூபா வித்தியாசம். எந்தச் சராசரியை அறிவிக்கிறார்கள், எந்த மணிக்கு எடுத்த விலை, எந்தத் தரத்துக்குரியது என்று கேட்பது விவசாயியின் உரிமை. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் நீண்ட காலமாகச் சந்தை விலைகளைச் சேகரித்து வெளியிட்டு வருகிறது. இவ்விபரங்கள் மிகவும் பெறுமதியானவை. இல்லாதிருந்தால் நாம் இருட்டில் நிற்போம். ஆனால் அட்டவணையில் உள்ள ஒரு வரி ஊடகத்தின் வாய்க்குள் புகுந்து வெளிவரும்போது நேரமும் தரமும் உதிர்ந்து, எண் மாத்திரம் எஞ்சிவிடுகிறது. குறை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நேர்கிறது.

அடுத்தது வீதம். இதற்கு எமது தம்புள்ளையிலேயே அருமையான உதாரணம் கிடைக்கிறது. 1999இல் இங்கு பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டபின் நாட்டின் மரக்கறி வியாபாரத்தின் பெரும் பகுதி இவ்வழியே செல்லத் தொடங்கியது. இச்சந்தையோடு தொடர்புடைய சிறு மரக்கறி விவசாயிகள் 314 பேரிடம் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹர்ஷ டி சில்வா, திமுத்து ரத்னதிவாகர ஆகியோர் நடத்திய ஆய்வு 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. எதைப் பயிரிடுவது என்று தீர்மானிக்கும் நாளிலிருந்து விளைச்சலை விற்கும் நாள் வரை, தகவல் தேடி அலைவதற்கு ஒரு விவசாயி எவ்வளவு செலவிடுகிறார் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. பஸ் கட்டணம், தொலைபேசிச் செலவு, வேலை கெட்ட நேரம் எல்லாவற்றுக்கும் அவர்கள் விலை போட்டார்கள். உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் கணக்கு வைத்திருப்பவர்கள்கூட இதற்குக் கணக்கு வைப்பதில்லை. ஆகவே இது நல்ல கேள்வி என்றே சொல்வோம்.

அவர்கள் கண்ட முடிவு இது: வாங்கல் விற்றலோடு தொடர்புடைய கொடுக்கல் வாங்கற் செலவுகள் மொத்தச் செலவில் ஏறத்தாழ 15 வீதம். அந்தச் செலவுகளுள் ஏறத்தாழ 70 வீதம் தகவல் தேடும் செலவு. இப்போது கவனியுங்கள். ஒரு பத்திரிகை, தகவல் தேடவே விவசாயிக்கு 70 வீதம் செலவாகிறது என்று தலைப்பிடலாம். இன்னொரு பத்திரிகை, தகவற் செலவு 11 வீதம் என்று எழுதலாம். இரண்டும் ஒரே ஆய்வில் உள்ளவை. 15இல் 70 வீதம் எடுத்தால் பத்தரை வரும். அதனையே முழு எண்ணாக 11 என்கிறார்கள். எதில் 70, எதில் 11 என்பதைச் சொல்லாமல் விட்டால், கேட்பவன் ஒன்றில் திடுக்கிடுவான், மற்றதில் அலட்சியப்படுத்துவான். வீதத்தைக் கேட்டவுடன் எதில் என்று கேளுங்கள். தேர்தல் காலத்தில் மேடையில் சொல்லப்படும் வீதங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும் என்பதைச் சொல்லாமலே விளங்கிக்கொள்வீர்கள்.

314 பேரைக் கேட்டுவிட்டு இப்பகுதி விவசாயிகள் அனைவரையும் பற்றிப் பேசலாமா? பேசலாம் என்பதை எமது பாட்டிமார் ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அப்பழமொழிக்கு ஒரு நிபந்தனை உண்டு: பானை ஒரே சீராக வெந்திருக்க வேண்டும், அல்லது கிளறிவிட்டு எடுக்க வேண்டும். அடியில் கருகி மேலே வேகாதிருந்தால் மேற்சோறு பதம் சொல்லாது. கிளறிவிட்டு எடுப்பதைத்தான் எழுமாற்று மாதிரி என்கிறார்கள். சீட்டுக் குலுக்குவதைப் போன்று, எல்லோருக்கும் அகப்படும் வாய்ப்புச் சமமாக இருக்கும்படி தெரிவு செய்வது அது. அவ்வாறு தெரிந்தால், ஆம் இல்லை என்று பதில் வரும் ஒரு கேள்விக்கு 100 பேரின் பதில் ஏறத்தாழ 10 வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேரெனில் 5 வீதம். 1,600 பேரெனில் இரண்டரை வீதம். 314 பேருக்கு ஐந்தரை வீதமளவில் வரும். பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு ஆட்களைக் கேட்க வேண்டும் என்பதையும் இதிலிருந்து காணலாம். ஆய்வுக்கு ஏன் இவ்வளவு பணம் செலவாகிறது என்பதற்கும் இது ஒரு காரணம்.

எண்ணிக்கை பெருத்தால் மாத்திரம் உண்மை வந்துவிடாது. 1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜெஸ்ட் என்ற சஞ்சிகை ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதில் அனுப்பினர். அல்ஃப் லாண்டன் வெல்வார் என்று சஞ்சிகை அறிவித்தது. வென்றவரோ பிராங்ளின் ரூஸ்வெல்ட்; 48 மாநிலங்களில் 46 அவருக்கு விழுந்தன. ஜோர்ஜ் கலப் என்பவர் அதைவிட மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று சரியாகக் கூறியிருந்தார். டைஜெஸ்ட் முகவரிகளை எடுத்த இடம் தொலைபேசிப் புத்தகமும் மோட்டார் வாகனப் பதிவேடும். பொருளாதாரம் வீழ்ந்திருந்த அக்காலத்தில் தொலைபேசியும் காரும் இல்லாத ஏழைகள் அப்பட்டியலில் பெரும்பாலும் இல்லை. மேலும், அட்டை கிடைத்தவர்களில் பதில் எழுதாதவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் தெரியாமற் போயிற்று.

இவ்விடத்தில்தான் எமது விடயம் வருகிறது. பட்டியலில் இல்லாதவன் மாதிரியில் அகப்பட மாட்டான். இடம்பெயர்ந்த குடும்பம் எந்தப் பட்டியலில் இருக்கிறது? வாக்காளர் இடாப்பில் பழைய ஊரில். அந்த வீடோ இப்போது இல்லை. புதிய ஊர் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு தாமதம். காணி உறுதி இல்லாததால் காணிப் பதிவில் இல்லை. குத்தகை வாய்ப்பேச்சில் என்பதால் விவசாயியாகவும் எழுதப்படுவதில்லை. நாட்டின் அளவிலும் இது நடந்திருக்கிறது. 1981க்குப் பின் 1991இல் நடக்க வேண்டிய குடிசன மதிப்பு நடக்கவேயில்லை. 2001இல் நடந்தபோது 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நிறைவேறியது. வடக்கு கிழக்கின் ஏழு மாவட்டங்களில் அது முற்றுப்பெறவில்லை. 2002ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவு மதிப்பீட்டில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. அவ்வாண்டில் இலங்கையின் வறுமை 22.7 வீதம் என்று வெளியான எண், யுத்தம் நடந்த பூமியை விட்டுவிட்டுக் கணக்கிட்ட எண். யுத்தம் முடிந்தபின் 2012/13ஆம் ஆண்டு மதிப்பீட்டில்தான் 25 மாவட்டங்களும் உள்ளடங்கின. இதற்குப் பாதுகாப்பு நிலைமை காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையின் கீழே சிறிய எழுத்தில் இருந்த குறிப்பை எத்தனை பத்திரிகைகள் அச்சிட்டன, எத்தனை செய்தி வாசிப்பாளர்கள் வாசித்தார்கள்? அடிக்குறிப்பு விழுந்துபோனபோது அதனோடு சேர்ந்து இலட்சக்கணக்கான மக்களும் கணக்கிலிருந்து விழுந்துபோனார்கள்.

திருவிவிலியத்தில் தாவீது அரசர் எடுப்பித்த கணக்கு ஒன்று உண்டு. சாமுவேல் இரண்டாம் நூலின் 24ஆம் அதிகாரத்தின்படி இஸ்ராயேலில் 8 இலட்சம், யூதாவில் 5 இலட்சம். எவரை எண்ணினார்கள்? வாளேந்தக் கூடிய ஆண்களை. பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் அந்த எண்ணில் இல்லை, ஏனென்றால் அரசருக்கு வேண்டியது படை. எண்ணுபவருக்கு எது வேண்டுமோ அதுவே எண்ணப்படும். பெத்லகேமுக்குப் போன மரியாளும் சூசையப்பரும்கூட ஒரு பதிவுக்காகத்தான் அலைந்தார்கள். பெயரை எழுதிக்கொண்ட அரசு தங்க இடம் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை.

இனி, எது எதற்குக் காரணம் என்ற கேள்வி. வானொலி கேட்கும் விவசாயிகள் கூடுதல் வருமானம் பெறுகிறார்கள் என்று ஓர் ஆய்வு சொன்னால், வானொலியால் வருமானம் கூடியது என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. வருமானம் உள்ளவன் வானொலி வாங்கியிருக்கலாம். அல்லது நீர்ப்பாசனமும் மின்சாரமும் உள்ள ஊரில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இதனைப் பிரித்தறிய ஒப்பிட்டுப் பார்க்கும் குழு ஒன்று வேண்டும். 1956இல் இந்தியாவின் பூனா வானொலி நிலையமும் யுனெஸ்கோவும் சேர்ந்து அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி விவசாய மன்றங்களை அமைத்தன. மக்கள் கூடியிருந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், பின் விவாதிப்பார்கள். பௌல் நியூராத் என்ற ஆய்வாளர் மன்றம் உள்ள ஊர்கள், வானொலி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் என்று மூவகை ஊர்களிலும் தொடக்கத்திலும் முடிவிலும் மக்களைக் கேட்டுப் பார்த்தார். மன்றம் உள்ள ஊர்களில் அறிவு நன்றாகக் கூடியிருந்தது; வானொலி மாத்திரம் இருந்த ஊர்களில் அவ்வளவு இல்லை. அப்படியானால் வேலை செய்தது பெட்டியா, கூடியிருந்து பேசியதா? இரண்டாவது வகை ஊர்களைச் சேர்த்திராவிட்டால் இக்கேள்வியே எழுந்திராது.

கைத்தொலைபேசிக்கு வருவோம். கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையில் 1997க்கும் 2001க்கும் இடையில் கைத்தொலைபேசி படிப்படியாக வந்தது. ரொபர்ட் ஜென்சன் என்பவர் அதனைப் பயன்படுத்தி, தொலைபேசி வந்த கரைகளையும் இன்னும் வராத கரைகளையும் ஒப்பிட்டு 2007இல் எழுதினார். சாளை மீன் கொட்டிப் போவது ஏறத்தாழ ஒழிந்தது. மீனவரின் இலாபம் 8 வீதமளவில் கூடியது. வாங்குபவருக்கும் விலை 4 வீதமளவில் குறைந்தது. இது உலகமெங்கும் பேசப்பட்டது. ஆனால் மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் விலைத் தகவலைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்த மார்செல் ஃபஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் ஆகியோர், விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதனையும் காணவில்லை என்று 2012இல் எழுதினர். இரண்டாவது ஆய்வை மேடைகளில் அதிகம் கேட்பதில்லை. தோற்றுப்போன செய்திக்குச் செய்திப் பெறுமதி குறைவு போலும். எமது கருத்தில் வித்தியாசம் விளங்கக் கூடியதே. மீனவன் கடலில் நின்றபடியே எந்தக் கரைக்குப் போவதென்று தீர்மானிக்கலாம். விதைக்கும் உரத்துக்கும் ஒரு முதலாளியிடம் கடன்பட்டு, விளைச்சலை அவரிடமே கொடுப்பதாக வாக்களித்துவிட்ட குத்தகை விவசாயிக்கு, அடுத்த கடையில் 10 ரூபா கூட என்று தொலைபேசி சொல்லி என்ன பயன்? கடனைப் பற்றிக் கேட்காத ஆய்வு தகவலைப் பற்றிச் சொல்வது பாதி உண்மையே.

வினாக்கொத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வானொலி கேட்பீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்வது எளிது. நேற்று எத்தனை மணிக்கு எதைக் கேட்டீர்கள் என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். கேள்வி சிங்களத்தில் கேட்கப்பட்டு, தமிழில் பதில் சொல்லப்பட்டு, ஆங்கிலப் படிவத்தில் எழுதப்படும்போது இடையில் எவ்வளவோ சிந்திப்போகும். அதிகாரி அருகில் நிற்கும்போது நிவாரணம் கிடைத்ததா என்று கேட்டால் கிடைத்தது என்றுதான் சொல்வார்கள். வீட்டுத் தலைவரிடம் மாத்திரம் பேசிவிட்டுப் போனால், களை பிடுங்கி வெங்காயம் அரிந்து தரம் பிரிக்கும் பெண்கள் எதை அறிந்திருக்கிறார்கள் என்பது படிவத்தில் ஏறாது. எனவே உங்கள் வாசலுக்கு வருபவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவரானாலும், தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவரானாலும், திருச்சபையைச் சேர்ந்தவரானாலும், பதில் சொல்லுமுன் கேளுங்கள்: என்னை எப்படித் தெரிவு செய்தீர்கள்? இந்த விபரம் யாருக்குப் போகும்? என் பெயர் வெளிவருமா? முடிவை எங்களுக்கு எப்போது வந்து சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தராதவருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை என்றே கருதுகிறோம்.

1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் உதவி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆகியன சேர்ந்து தொடங்கிய மகாவலி சமூக வானொலியில், தயாரிப்பாளர்கள் குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று மக்களோடு தங்கியிருந்து, அவர்களது குரலிலேயே நிகழ்ச்சி செய்யும் முறை இருந்தது. அதுவும் ஆய்வுதான். எண் இல்லாத ஆய்வு. எத்தனை பேர் என்பதை எண்ணிக்கை சொல்லும்; ஏன் என்பதைக் கூடியிருந்து கேட்டால்தான் அறியலாம். ஒன்றுக்கு மற்றது மாற்றாகாது.

இந்தச் சிறுபோகப் பெரிய வெங்காயத்துக்கு நாமே ஒரு கணக்கு வைத்துப் பார்க்கலாம் என்று முன்மொழிகிறோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் வெங்காயம் செய்யும் குடும்பங்கள் அனைத்தின் பெயரையும், குத்தகைக்குச் செய்பவர்கள், கூலிப் பங்குக்குச் செய்பவர்கள் உட்பட, சீட்டில் எழுதிக் குலுக்கி ஐந்து குடும்பங்களை எடுங்கள். ஆர்வமுள்ளவர்களை மாத்திரம் எடுத்தால் டைஜெஸ்ட் கதையாகிவிடும். 80 பக்கக் கொப்பி ஒன்று போதும். விற்ற திகதி, சந்தைக்குச் சென்ற நேரம், தரம், நிறுவையில் வந்த கிலோ, மூடைக்கு வெட்டிய கழிவு, லொறிக் கூலி, கைக்கு வந்த பணம், அன்று காலை வானொலியிலோ தொலைபேசியிலோ கேட்ட விலை, வாங்கியவரிடம் கடன் உண்டா இல்லையா: இவ்வளவுதான். எழுத்து வராத வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை எழுதலாம். இடையமும் வீச்சும் எடுக்கவும் அப்பிள்ளைக்குத் தெரியும். முதலாளியின் பெயரை எழுத வேண்டாம். வீண் பகை வரும். விற்காமல் திரும்பிக் கொண்டுவந்த நாளையும், அழுகிக் கொட்டிய மூடையையும் தவறாமல் எழுதுங்கள். அவற்றை விட்டுவிட்டால் எமது சராசரியும் உள்ளதைவிட உயர்ந்தே நிற்கும். ஐப்பசி இறுதியில், வெங்காயம் முடிந்து பெரும்போக விதைப்புக்கு நிலம் பண்படுத்துமுன், கொப்பிகளை ஓரிடத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்போம். கடன்பட்டவர்களுக்குக் கிடைத்த இடைய விலையையும் கடன்படாதவர்களுக்குக் கிடைத்த இடைய விலையையும் பக்கத்தில் பக்கமாக எழுதி, பிரதேச செயலகத்துக்கு ஒரு பிரதியும் வானொலிக்கு ஒரு பிரதியும் அனுப்பலாம்.